ஒன்பது மணி நேரப் பூட்டு

"பாஸ், கீழே ஒரு அம்மா வந்திருக்காங்க. அழல, கத்தல, திட்டல. அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றான் முரியுகி.

ஞாவிரா நிமிர்ந்தாள். "யாரு?"

"அந்தக் காவலாளி வஹோமே சம்சாரம்."

ஞாவிரா கையில் மந்தாசி என்ற எண்ணெய்ப் பலகாரம் பாதி கடித்தபடி இருந்தது. அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "வரச் சொல்லு," என்றாள்.

மலையடிவார ஊரான கராட்டினாவின் சந்தைக்கு எதிரே, மாட்டு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். பத்து வருடம் பூட்டுக்கும் மின்மீட்டருக்கும் ப்ரோக்ராம் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள், ஒருநாள் போதுமடா சாமி என்று உதறிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தாள். முரியுகி மட்டாட்டு எனப்படும் பயணிகள் வேனில் கண்டக்டராக இருந்தவன். வாய் ஓயாததால் அந்த வேலை போயிற்று. அதே வாய்க்காகத்தான் ஞாவிரா அவனைச் சேர்த்துக்கொண்டாள்.

முருவேனி காபி ஆலையின் கிடங்கிலிருந்து போன வாரம் காய்ந்த காபிக்கொட்டை மூட்டைகள் ஒரே ராத்திரியில் மாயமாகின. கதவு உடையவில்லை, பூட்டு நசுங்கவில்லை. அது எலக்ட்ரானிக் பூட்டு. ராத்திரி எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினால், குறித்து வைத்த நேரம் முடியும்வரை வழக்கமான பகல் சாவியைப் போட்டாலும் திறக்காது. இடையில் திறப்பதற்கு ஒரே வழி அவசரச் சாவி. அது காவலாளி வஹோமேயின் கழுத்தில் தொங்கியது.

பூட்டில் கோளாறு உண்டா என்று பார்த்துச் சொல்ல, ஆலையை நடத்தும் கூட்டுறவுச் சங்கம் ஞாவிராவைக் கூப்பிட்டது. அவள் பார்த்தாள். கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மை காய்வதற்குள் வஹோமேயை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். நாளைக் காலை கோர்ட்.

உள்ளே வந்த ககேனியா உட்காரவில்லை. ஞாவிரா நாற்காலியைக் காட்டியும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், நான் சண்டைக்கு வரல. அவர் எடுக்கலன்னு நான் சொன்னா அது பொண்டாட்டி பேச்சு. நீங்க சொன்னா சாட்சி. அதுக்குத்தான் உங்ககிட்டயே வந்தேன்."

"அம்மா, நான் பூட்டைத்தான் பார்த்தேன். உங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் ஒரு வார்த்தை எழுதல."

"பூட்டு நல்ல பூட்டுன்னு எழுதினீங்க. அப்புறம் மனுஷன் கெட்ட மனுஷன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க."

முரியுகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.  

"அந்தப் பூட்டுல நேரத்தைக் கூட்டினாங்களே, அன்னிலேர்ந்தே எங்களுக்குக் கெட்ட நேரம்," என்று ககேனியா தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள். "முன்னாடி அஞ்சு மணிக்குப் பூட்டு விட்டுடும். கிடங்கை ஒப்படைச்சிட்டு வந்து பசுவுக்குப் புல் அறுத்துப் போடுவார். அப்புறம் ஆறு மணி ஆக்கிட்டாங்க. புல் அறுக்கிற வேலையும் என் தலையில."

"என்ன சொன்னீங்க? ஆறு மணியா?"

"ஆமா மேடம். ஒன்பது மணி நேரமா இருந்ததைப் பத்து ஆக்கிட்டாங்களே. பாதுகாப்புக்குன்னு சொன்னாங்க. அந்த வாரத்துலதான் களவும் போச்சு."

 களவுக்குப் பிறகு, இந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி முழுக்க அந்தக் கதவுக்கு முன்னால் குளிரில் உட்கார்ந்து சோதனை செய்தவள் அவள். மணிக்கு ஒருமுறை சாவியைப் போட்டுப் பார்த்தாள், பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. பிறகு திறந்தது. திறந்தபோது மணி ஐந்து.

"முரியுகி, வண்டியை எடு."

---

முருவேனிக்குப் போகும் செம்மண் பாதையில் முரியுகியால் அதற்கு மேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"பாஸ், செவ்வாய்க்கிழமை நீங்க தனியாவா உட்கார்ந்திருந்தீங்க?"

"வங்கேச்சி இருந்தா."

"பூட்டு செஞ்ச கம்பெனி முதலாளியம்மா, பூட்டைச் சோதிக்கிறவங்களுக்கு ராத்திரி முழுக்கத் துணை. எங்க வண்டியிலகூட செக்கிங் அதிகாரியைப் பக்கத்து சீட்ல உட்கார வச்சு சோடா வாங்கித் தருவோம்."

"அவ என் சிநேகிதிடா. காலேஜ்ல ஒரே அறை. நான் நிமோனியாவில படுத்தப்போ என் பரீட்சைக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தவ. அன்னிக்கு எனக்காகக் கம்பளியும் பிளாஸ்க்ல டீயும் கொண்டு வந்தா."

"டீ நல்லா இருந்துச்சா?"

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

அறுவடை உச்சத்தில் இருந்தது. சிவந்த காபிப் பழக் கூடைகளோடு ஆலை வாசலில் வரிசை வளைந்து நின்றது. இரவு பகலாக ஓடும் தோல் உரிக்கும் இயந்திரம் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் மேல்வாசலில் நிற்கும் காவலாளிக்குக் கிடங்கின் ஆற்றுப் பக்கக் கதவு திறப்பது கேட்காது என்பதை ஞாவிரா இப்போதுதான் கவனித்தாள். அன்றைக்கு அவள் பூட்டை மட்டுமே பார்த்தாள், அதைச் சுற்றி எதையும் பார்க்கவில்லை. தன்மேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மேனேஜர் இரேரி எடை போடுவதை நிறுத்திவிட்டு வந்தார்.

"பூட்டு எத்தனை மணி நேரத்துக்கு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் ஞாவிரா.

"பத்து."

"நான் பார்த்தப்போ ஒன்பது."

"அப்படியா? நான் கவனிக்கலையே." அவர் தலையைச் சொறிந்தார். "சங்கத்துச் சேர்மன் முனேனே கமிட்டியில எழுந்து, சீசன் நேரம், ஒரு மணி நேரம் கூட்டி வைப்போம்னாரு. நாங்களும் கை தட்டினோம். வங்கேச்சி மேடமே நேர்ல வந்து கூட்டிக் கொடுத்தாங்க. நம்ம கையால ஒன்பதுக்கு மேல ஏத்த முடியாது மேடம், பட்டன் நகராது. கம்பெனியோட ரகசிய நம்பர் போட்டாத்தான் நகரும்."

"களவுக்கு அப்புறம் அவங்க வந்தாங்களா?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தாங்களே. உங்களுக்கு முன்னாடியே. பாட்டரி மாத்தணும்னு பூட்டுக்கிட்ட கொஞ்ச நேரம் நின்னாங்க."

ஞாவிரா பூட்டுக்கு அருகே போனாள். சின்னத் திரையில் ஒன்பது என்று எரிந்தது. கூட்டும் பட்டனை அழுத்தினாள், எண் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள், அப்போதும் ஒன்பதுதான்.

முரியுகி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "பாஸ், எனக்குப் படிப்பு கம்மி. ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நம்ம ஊர் ராத்திரி பன்னிரண்டு மணி நேரம். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் வருஷம் பூரா பன்னிரண்டுதான். கிடங்குக்குப் பூட்டு செய்யறவன் பன்னிரண்டுன்னு வைப்பான். சோம்பேறியா இருந்தா பத்துன்னு வைப்பான். எந்தப் பைத்தியக்காரன் ஒன்பதோட நிறுத்துவான்?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். ஞாவிராவுக்கு ஆலைச் சத்தமெல்லாம் அடங்கிப்போனதுபோல் இருந்தது. அவள் பக்கத்திலிருந்த மேசையின் தூசியில் விரலால் எழுத ஆரம்பித்தாள். ஒன்பது மணி நேரத்துக்கு நொடிகள் எத்தனை? முப்பத்தி இரண்டாயிரத்து நானூறு. பத்து மணி நேரத்துக்கு முப்பத்தி ஆறாயிரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் முப்பத்தி இரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு என்று எழுதினாள்.

"இது என்ன, லாட்டரி நம்பரா?"

"இது எல்லை. இங்கே வா." அவள் எடை போடும் இடத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். கூரையிலிருந்து கடிகாரம் மாதிரி வட்டத் தராசு தொங்கியது. "இதுல நூறு கிலோ வரைக்கும் இருக்கு. நூத்திப் பத்து கிலோ மாட்டினா முள் என்ன பண்ணும்?"

"முழுசா ஒரு சுத்துச் சுத்திப் பத்துல வந்து நிக்கும். அதுக்குத்தான் ரெண்டு தடவையாப் போடறாங்க."

"அதேதான். பூட்டுக்கு ப்ரோக்ராம் எழுதற சி மொழியில ஒரு எண்ணை எழுதறப்போ அதை எந்தப் பெட்டியில வைக்கிறதுன்னு எழுதறவங்கதான் சொல்லணும். இன்ட்னு ஒரு பெட்டி, லாங்னு பெரிய பெட்டி. எங்க ஆளுங்க லாப்டாப்ல எழுதுவோம், லாப்டாப்லயே ஓட்டிப் பார்ப்போம். அங்கே இன்ட்டே பெருசு, எதைப் போட்டாலும் கொள்ளும். பூட்டுக்குள்ள இருக்கற மலிவு சிப்புல அதே இன்ட் சின்னது. இந்த எல்லையைத் தாண்டினா முள் சுத்திக்கும். சுத்திக்கிட்டுப் பூஜ்யத்துக்குக் கீழே போய் மைனஸ்ல நிக்கும்."

முரியுகி தராசையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பூட்டுக்குத் தெரிஞ்சது ஒரே கேள்விதான்," என்றாள் ஞாவிரா. "குறிச்ச நேரம் முடிஞ்சுதா? குறிச்ச நேரமே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தா?"

"சாத்தின நொடியே முடிஞ்சுது." அவன் விசில் அடித்தான். "அப்போ ஒரு மணி நேரம் கூட்டிப் பாதுகாப்பு பண்ணலாம்னு கமிட்டி கை தட்டினது, கதவைத் திறந்து வைக்கத்தான். யாருகிட்ட பகல் சாவி இருந்தாலும் போதும்."

"பகல் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று ஞாவிரா திரும்பிக் கேட்டாள்.

இரேரியின் முகம் வெளுத்திருந்தது. "என்கிட்ட ஒண்ணு. சேர்மன்கிட்ட ஒண்ணு," என்றார் மெதுவாக.

வண்டிக்குத் திரும்பும்போது ஞாவிரா வேகமாகப் பேசினாள், யாரோ மறுத்துப் பேசிவிடுவார்கள் என்று பயந்தவள்போல. "தப்பு நடக்கும் முரியுகி. லாங்னு ஒரே வார்த்தை சேர்த்திருந்தா போதும். விட்டுப்போச்சு. இந்தத் தப்பைப் பண்ணாத ஆள் எங்க தொழில்லயே கிடையாது. வங்கேச்சிக்கு இது தெரிஞ்சே இருக்காது."

"தெரியாதவங்க எப்படி பாஸ் கரெக்டா ஒன்பதுல வேலி போட்டாங்க?"

 முரியுகி செல்போனை எடுத்து வங்கேச்சியின் கம்பெனியை அழைத்து, தொண்டையைச் செருமி, அறுபது வயதுக் கிழவராக மாறினான். கண்டக்டர் வேலையில் அவன் கற்றுக்கொண்ட குரல்கள் ஒரு டஜன் இருக்கும்.

"ஹலோ, கொமேயோ பூட்டுக் கம்பெனியாம்மா? நான் ஒத்தாயா பக்கத்திலேர்ந்து பேசறேன், ஆலை செயலாளர். எங்க பூட்டைப் பத்து மணி நேரமா ஆக்கித் தரணுமே... ஏன் முடியாது?... ஓ. யாரு சொன்னா?... அப்படியாம்மா. நீ சேர்ந்த நாளிலேர்ந்தேவா? சரி சரி, நல்லா இரு."

போனை வைத்தான். சிரிக்கவில்லை.

"ஒன்பதுக்கு மேல யாருக்கும் வைக்கக் கூடாதாம். மேடம் உத்தரவாம். வச்ச ஆளை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லியிருக்காங்களாம்."

ஞாவிரா காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தேகப்படவும் மனம் வரவில்லை, நம்பவும் முடியவில்லை. பிறகு வங்கேச்சியின் எண்ணை அழுத்தி, எப்போதும் பேசுகிற குரலில் பேசினாள்.

"வங்கேச்சி, மத்தியானம் சாப்பிட வரியாடி? கராட்டினாவிலதான்."

---

சுட்ட ஆட்டிறைச்சி மரப்பலகையில் வந்தது. வங்கேச்சி வழக்கம்போல விலா எலும்பைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டு, கொழுப்பில்லாத துண்டுகளைப் பொறுக்கி ஞாவிரா பக்கம் வைத்தாள். இருபது வருடமாக அப்படித்தான். ஞாவிராவுக்குக் கொழுப்பு ஒத்துக்கொள்ளாது என்பதை அவளுடைய அம்மாவே மறந்துபோயிருந்தாள், இவள் மறக்கவில்லை. அந்த அக்கறையைப் பார்த்து ஞாவிராவுக்கு அழுகை முட்டியது.

"என்னடி, கோழி திருடினவ மாதிரி முழிக்கிற? சாப்பிடு," என்றாள் வங்கேச்சி.

"முருவேனிப் பூட்டைப் பத்து மணி நேரத்துக்கு வச்சியா?"

வங்கேச்சியின் கத்தி நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவாயிற்று, அவ்வளவுதான். "யாரு சொன்னா?"

"சிப்புல அந்த எண் இன்ட்ல இருக்கு. பத்து கொள்ளாது."

 வங்கேச்சி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஞாவிராவின் கையைப் பிடித்தாள்.

"ஆமாம்டி. முதல் வருஷம் எழுதினது. லாப்டாப்ல நல்லா ஓடிச்சு, அப்படியே சிப்புல எரிச்சு மலை முழுக்க மாட்டியாச்சு. அப்புறம்தான் கண்ணுல பட்டுது. எல்லாத்தையும் கழட்டி மாத்தினா கம்பெனியை மூட வேண்டியதுதான். அதனால ஒன்பதோட நிறுத்தி வச்சேன். எவனும் கேக்கல. முருவேனியில சேர்மன் அவசரப்படுத்தினாரு, ஞாபகம் இல்லாம பத்து போட்டுட்டேன். மறந்துட்டேன் ஞாவிரா. சத்தியமா மறந்துட்டேன்."

கண்ணில் நீர் நின்றது. ஞாவிராவுக்கு அதைத் துடைத்துவிட வேண்டும் போலிருந்தது. இதோடு நிறுத்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். பூட்டில் கோளாறு என்றால் வஹோமே வெளியே வந்துவிடுவான். வங்கேச்சிக்கும் கெட்ட பெயரோடு போகும். மறதி என்பது குற்றமா என்ன?

"பத்து போட்டது மறதி," என்றாள் ஞாவிரா. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வரதுக்கு முன்னாடி போய் ஒன்பதுக்கு இறக்கி வச்சியே, அது என்ன?"

வங்கேச்சி கையை விடுவித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அழுகை இல்லை. முகத்திலிருந்த சிநேகிதி எழுந்து போய், அந்த இடத்தில் ஒரு முதலாளி வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. "முனேனே பதினாலு ஆலைக்கும் என் பூட்டையே வாங்க வைக்கிறேன்னான். இல்லேன்னா என் பூட்டு எதுவுமே மலையில இருக்காதுன்னான். ஒரே ஒரு ராத்திரி பூட்டு விட்டுக்கொடுத்தாப் போதும்னான். என் கம்பெனியில முப்பது குடும்பம் சாப்பிடுது ஞாவிரா."

"வஹோமே வீட்டுல யாரும் சாப்பிடலையா?"

"அவனைப் பிடிப்பாங்கன்னு நினைக்கல."

"பின்ன யாரைப் பிடிப்பாங்க? சாவி அவன் கழுத்துல இருக்குன்னு உனக்குத் தெரியாதா? அந்தக் கழுத்துச் சாவி விதியே நீ எழுதினது."

வங்கேச்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஞாவிரா தட்டைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. தெரியாமல் இருந்தாலே நல்லது என்று பட்டது, இருந்தும் கேட்டாள்.

"சங்கத்துக்கு என் பேரைச் சொன்னது நீதானே? பக்கத்துல நியேரி டவுன்லயே எத்தனை இன்ஜினியர் இருக்காங்க. என்னை ஏன் கூப்பிடச் சொன்ன?"

"உன் பேச்சுக்கு இங்கே மதிப்பு இருக்கு."

"அது மட்டுமா?"

வங்கேச்சி அவளை நேராகப் பார்த்தாள். பொய் சொல்வதில் அலுத்துப்போன முகம் அது. "வேற யாரா இருந்தாலும் பெட்டியைத் திறந்து சிப்பை நோண்டியிருப்பாங்க. நீ திறக்க மாட்டே. நான் செஞ்சதுன்னா நீ திறக்க மாட்டேன்னு தெரியும்."

ஞாவிரா எழுந்தாள். உட்கார்ந்திருந்தால் அந்த மரப்பலகையைத் தூக்கி வீசியிருப்பாள்.

"இரு," என்றாள் வங்கேச்சி. குரலில் இப்போது கெஞ்சல் இல்லை, கணக்கு இருந்தது. "சும்மா கோளாறுன்னு சொல்லு. அவன் வெளியே வந்துடுவான், உன் பேரும் நிக்கும். வேணும்னே செஞ்சதுன்னு நீ சொன்னா, செவ்வாய்க்கிழமை ராத்திரி பார்த்துட்டு நீ எழுதினது என்ன ஆகும்? பூட்டைத் திறக்காமலே நல்ல பூட்டுன்னு கையெழுத்துப் போட்ட துப்பறியும் நிபுணி. அதுக்கப்புறம் இந்தக் கராட்டினாவில காணாமப் போன கழுதையைக் கண்டுபிடிக்கக்கூட உன்னைக் கூப்பிட மாட்டாங்க."

"தெரியும்."

"அப்புறம்?"

ஞாவிரா வெளியே நடந்தாள். பின்னாலேயே வங்கேச்சி ஓடி வந்து தன் காரின் கதவைத் திறந்தாள். காருக்குப் பின்னால் மூன்று மட்டாட்டு வேன்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு குறுக்கே நின்றன. நடு வேனின் படியில் முரியுகி வெற்றியோடு தொங்கிக்கொண்டிருந்தான்.

"வழியை விடச் சொல்லு," என்று வங்கேச்சி சீறினாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம். நம்ம ஊர் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. சீட் நிரம்பாம வண்டி கிளம்பாது," என்றான் முரியுகி. "இன்னிக்கு என்னவோ ஆளே ஏறல."

---

போலீஸ் நிலையம் தெருக்கோடியில்தான். இன்ஸ்பெக்டர் முதலில் கேட்கவே மாட்டேன் என்றார். பிறகு கேட்டார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வங்கேச்சியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முருவேனிக்குக் கிளம்பினார். வரிசையில் நின்ற விவசாயிகள் கூடைகளோடு கிடங்கைச் சூழ்ந்துகொண்டார்கள். வங்கேச்சியையே கம்பெனி நம்பரைப் போட வைத்துப் பூட்டைப் பத்துக்கு ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். இன்ஸ்பெக்டர் இரேரியின் பகல் சாவியை வாங்கித் தானே போட்டுத் திருப்பினார். கதவு அவர் கையோடு திறந்துகொண்டது.  கமிட்டியில் கை தட்டியவர்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். சேர்மன் முனேனேயைத் தேடி ஒரு ஜீப் அவர் வீட்டுப் பக்கம் போயிற்று.

நிலையத்துக்குத் திரும்பியதும் ஞாவிரா புதிய வாக்குமூலம் எழுத உட்கார்ந்தாள்.

"கோளாறு இருந்தது, அப்போ தெரியல, இப்போ தெரிஞ்சுதுன்னு எழுதுங்க மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர், நல்ல மனதோடுதான். "உங்களுக்கும் கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

"வேண்டாம் சார்." அவள் முதல் வரியை எழுதினாள்: நான் பூட்டைத் திறந்து பார்க்கவில்லை. செய்தவள் என் சிநேகிதி என்பதால் திறக்கவில்லை.

முரியுகி அதைப் படித்தான்.  பிறகு இன்னொரு காகிதத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

வஹோமேயைக் கூட்டி வந்தார்கள். நெடிய மனிதன், சில நாட்களில் கூனிப்போயிருந்தான். பெல்ட்டும் ஷூ லேஸும் அவனிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. ககேனியா ஓடிப்போய் அவன் சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுவிட்டாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஞாவிரா எழுந்து நின்றாள். வரும் வழியெல்லாம் மன்னிப்பு வாசகம் தயார் செய்து வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் அபத்தமாகப் பட்டது. "பூட்டுதான் தப்பு," என்று மட்டும் சொன்னாள். "நீங்க ஒண்ணும் பண்ணல."

வஹோமேயின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"நிஜமாவா மேடம்?" என்றான். "நீங்க படிச்சவங்க, ராத்திரி பூரா உட்கார்ந்து பார்த்துட்டுப் பூட்டு நல்லா இருக்குன்னு எழுதிட்டீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். அதனால, நான்தான் தூக்கத்துல எழுந்துபோய்த் திறந்துட்டேன்னு முந்தாநாளிலேர்ந்து நம்பிட்டு இருந்தேன். இன்னிக்குக் காலையில அதைப் போலீஸ்கிட்ட ஒப்புக்கிட்டேன்."